அந்த நாலு வரிக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி: தொடக்கப்பள்ளி ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பு மாணவர்களை 'என் வீடு' என்ற தலைப்பில் நாலு வரிக் கவிதை எழுதச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் அழகான வீடு, அன்பான அம்மா என்று எழுதினார்கள். ஒரு பையன் மட்டும், இரவில் பெரியவர்கள் சத்தம் போடும்போது தான் என்ன செய்வான் என்று எழுதியிருந்தான். எனக்கு எதுவும் தோன்றவில்லை. இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தி, 'நன்று' என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து மனசு சரியில்லை. ஆண்டிறுதித் தேர்வு முடிந்ததும் சில பாடவேளைகள் கிடைக்கும். படமும் கவிதையும் வைத்துப் பிள்ளைகள் மனதில் இருப்பதைச் சொல்ல வைக்கலாமா? 'மூட முடியாததைத் திறக்காதீர்கள்' என்கிறார் சக ஆசிரியர். எனக்கோ படம் வரையவே வராது. துறைத்தலைவர் நல்லவற்றைத் தகவல் பலகையில் ஒட்டலாம், தமிழ்மொழி விழாப் போட்டிக்கும் அனுப்பலாம் என்கிறார். என்ன செய்யட்டும்?
தமிழாசிரியை ஒருவர், சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

அந்தப் பையனின் நாலு வரியையும் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர்கள். அதை இங்கே வெளியிடவில்லை. உங்களை நம்பி எழுதியது, உங்களோடு இருக்கட்டும். மற்ற கேள்விகளுக்குப் போவதற்கு முன் அவன் விஷயத்தைப் பார்த்துவிடுவோம். அதுதான் அவசரம்.

நாள் கடந்துவிட்டதே, இனி எதைப் பேசுவது என்று தயங்காதீர்கள். ஒரு வாரம் கழித்து வந்தாலும் பதில் பதில்தான். வகுப்பில் எல்லார் முன்னாலும் கூப்பிட வேண்டாம். ஆசிரியர் அறைக்கு வரச் சொன்னால் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைப்பான். இடைவேளைக்கு எல்லாரும் இறங்கும்போது, படிக்கட்டில் அவன் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுங்கள். பத்து, பதினொரு வயதுப் பையன்களுக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட இப்படிப் பேசுவது எளிது. "உன் கவிதையை மறுபடியும் படிச்சேன். ராத்திரி அந்தப் பையன் செய்யறது அப்படியே கண் முன்னாடி தெரிஞ்சது. அதை எனக்கு எழுதினதுக்கு நன்றி. அதைப் பத்திப் பேசணும்னா எப்ப வேணும்னாலும் வா. பேச வேண்டாம்னாலும் சரி." இவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு கேள்வியும் வேண்டாம். அவன் "ஓகே டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனால் ஏமாற்றமடையாதீர்கள். காதில் விழுந்திருக்கும்.

அன்றைக்கே பள்ளி ஆலோசகரிடமும் சொல்லிவிடுங்கள். இங்கே எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் ஆலோசகர் இருக்கிறார். பெற்றோர் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளை ஒரு நிலை. வீட்டில் யாராவது அடிவாங்கும் பிள்ளை வேறு நிலை. நாலு வரியை வைத்து எது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அதைப் பக்குவமாகக் கேட்டறியும் வேலை அவருடையது. தயவுசெய்து நீங்களே அம்மா அப்பாவைக் கூப்பிட்டுக் கவிதையைக் காட்டிவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் காட்டுவீர்கள். ஆனால் அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது. அடி, உதை என்று சந்தேகம் வலுத்து, உடனே ஆலோசகரையோ பள்ளித் தலைமையையோ பிடிக்க முடியாவிட்டால், வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கான தேசிய உதவி எண் 1800-777-0000 நாள் முழுதும் இயங்குகிறது.

'நன்று' என்று போட்டதை நினைத்து வருந்திக்கொண்டிருக்க வேண்டாம். நாள் முழுக்கத் திருத்துகிற கை, எதைக் கண்டாலும் திருத்தத்தான் போகும். ஆனால் அதில்தான் உங்கள் கேள்வியின் முழு விஷயமும் இருக்கிறது. பிள்ளைகளை எழுத வைப்பதும் வரைய வைப்பதும் பெரிய வித்தை இல்லை. தாளும் கொஞ்ச நேரமும் கொடுத்தால் செய்துவிடுவார்கள். அவர்கள் நீட்டுவதை நாம் எப்படி வாங்கிக்கொள்கிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது. அதனால் உங்களுக்குப் படம் வராது என்பது ஒரு குறையே இல்லை. வகுப்பில் நன்றாக வரைகிற பெரியவர் ஒருவர் நின்றால், பிள்ளைகள் தங்கள் படத்தை மறைத்துக்கொள்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

சக ஆசிரியர் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்கள் தங்களை மிகவும் பாதித்த ஒன்றைப் பற்றித் தொடர்ந்து நாலு நாள், நாளுக்குக் கால் மணி நேரம் எழுதினார்கள். நடந்ததையும் அதனால் மனதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ உதவி தேடிப் போனது குறைந்தது. இதை எல்லாரும் சொல்வார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை முன்பைவிட மோசமாக இருந்தது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அதை அதிகம் பேர் சொல்வதில்லை. அவர்கள் வளர்ந்தவர்கள். உங்கள் முன்னால் இருப்பது குழந்தைகள். ஆகவே இதைக் கடைசிப் பாடவேளையில் வைக்காதீர்கள். மனசைக் கிளறிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிப் பேருந்தில் ஏறச் சொல்வது சரியில்லை. இடைவேளைக்கு முந்திய வேளையாகப் பாருங்கள், கடைசிப் பத்து நிமிடத்தைச் சும்மா வண்ணம் தீட்டவோ கதை கேட்கவோ விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஆழத்தை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். 'உன் வாழ்க்கையின் மிகப் பெரிய சோகம்' என்றெல்லாம் தலைப்புக் கொடுக்கவே கூடாது. 'இந்த வாரம் எரிச்சல் தந்த ஒன்று' போதும். அடியில் பெரியது இருக்கிற பிள்ளை, தயாராக இருந்தால் அதை இந்தச் சின்னத் தலைப்புக்குள்ளேயே கொண்டுவரும். தயாராக இல்லையென்றால் அண்ணன் சார்ஜரை எடுத்துக்கொண்டு போனதைப் பற்றி எழுதிவிட்டுப் போகும். இரண்டுமே நல்லதுதான்.

இரண்டாம் உலகப் போரின்போது தெரேசின் என்ற நாஜித் தடுப்பிடத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியரைப் பற்றி, படம் வரைவதன் வழியே மனதுக்கு உதவும் எங்கள் ஓவிய சிகிச்சைத் துறையில் எல்லாருக்கும் தெரியும். 1942 கடைசியில் அங்கே கொண்டுபோகப்பட்டவர், 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். அவ்வளவு பயங்கரத்துக்கு நடுவிலும் அவர் அந்தப் பிள்ளைகளிடம் 'உங்கள் பயத்தை வரையுங்கள்' என்று வற்புறுத்தவில்லை. பூச்சாடி, ஜன்னல், தாளத்துக்கு ஏற்பக் கோடு, கிடைத்த அலுவலகத் தாளைக் கிழித்து ஒட்டும் படம் என்று சாதாரணப் பயிற்சிகள் கொடுத்தார். படத்தில் அவரவர் பெயரை எழுதச் சொன்னார். இரண்டு பெட்டிகளில் தப்பிய அந்தப் படங்கள் நாலாயிரத்துக்கும் மேல். அவரிடம் கற்ற ஈடித் கிரேமர்தான் பின்னாளில் நியூயார்க்கில் இந்தத் துறையை வளர்த்த முன்னோடிகளில் ஒருவர். நான் வேலை செய்யும் முறையே அந்த வழியில் வந்ததுதான்.

சரி, உங்கள் வகுப்புக்கு வருவோம். முதலில் ரப்பரையும் அடிக்கோலையும் பைக்குள் போடச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு கோடு போட்டால் மூன்று முறை அழிப்பார்கள். ஒன்பது வயதுக்கு மேல் 'அச்சு அசலாக இருக்கணும்' என்ற எண்ணம் வேறு வந்துவிடும். எனக்கு வரையத் தெரியாது என்று பாதிப் பேர் கையைக் கட்டிக்கொள்வது இந்த வயதில்தான். அதனால் ஆள், வீடு, மரம் எதுவும் வேண்டாம். ஆயில் பேஸ்டல், பழைய சஞ்சிகை, பசை போதும். 'போன வாரம் உனக்கு என்ன வானிலை?' என்று கேளுங்கள். ஐந்து பள்ளி நாளுக்கு ஐந்து கட்டம். திங்கள் வெயில், செவ்வாய் புகைமூட்டம், புதன்கிழமை மின்னல் எச்சரிக்கை வந்து திடலிலிருந்து ஓடிவந்த பிற்பகல். சோகம், கோபம் என்ற சொற்களை நீங்கள் எடுக்கவே வேண்டாம். ஒரு பிள்ளை ஒரு கட்டத்தில் பேஸ்டல் உடையும் அளவுக்கு அழுத்தித் தேய்க்கும். "மெதுவா, உடைஞ்சிடும்" என்று வாய் வரும். அதை விழுங்கிவிட்டு, கெட்டியான தாள் ஒன்றை அடியில் வைத்துக் கொடுங்கள். உடைந்த பேஸ்டல் இன்னும் நன்றாகவே தேயும்.

படத்தைப் பார்த்து அர்த்தம் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். கறுப்பாகப் பூசினால் மனச்சோர்வு, ஆளுக்குக் கை போடாவிட்டால் யாரோ துன்புறுத்துகிறார்கள், ஜன்னல் சின்னதாக இருந்தால் தனிமை என்றெல்லாம் இணையத்தில் நிறைய உலவுகிறது. தனித்தனி அடையாளத்தை வைத்து இப்படி முடிவுகட்ட உறுதியான ஆதாரம் கிடையாது. கறுப்பை எடுத்த காரணம், நீலம் பக்கத்துப் பையன் கையில் இருந்ததாகக்கூட இருக்கலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது மாற்றத்தை. எப்போதும் பேசுகிறவள் பேச்சை நிறுத்தியிருக்கிறாளா? ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறதா? வகுப்பில் தூங்குகிறானா, இடைவேளையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறானா? தாளில் இருப்பது இவற்றோடு சேரும்போதுதான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்புறம், பிள்ளையிடம் கேட்பது. ஒரு சிறுமி தாள் முழுக்க லிஃப்ட் கதவு ஒன்றை வரைந்து, உள்ளே ஓரத்தில் எறும்பு அளவுக்கு ஓர் ஆளைப் போட்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "இது நீயா? ஏன் இவ்வளவு சின்னதா இருக்கே?" என்று கேட்டால் அவள் வாயை மூடிக்கொள்வாள், அல்லது நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்வாள். படத்துக்குள்ளேயே நின்று கேளுங்கள். "இந்த லிஃப்ட் எந்த மாடிக்குப் போகுது?" "பன்னெண்டு." "பன்னெண்டுல கதவு திறந்தா அங்கே என்ன இருக்கும்?" அவள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். "தெரியாது டீச்சர்" என்றால், "சரி, அதுவரைக்கும் லிஃப்ட்லயே இருக்கட்டும்" என்று சொல்லி அடுத்த மேசைக்குப் போங்கள். அந்த எறும்பு அளவு ஆளைப் பற்றிப் பேசுவதும் பேசாததும் அவள் கையில் இருக்கிறது என்று அவளுக்குப் புரிய வேண்டும். அது புரிந்த பிள்ளைதான் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் வரையும்.

கவிதைக்கு வந்தால், உங்களுக்கு என்னைவிடப் பெரிய சொத்து இருக்கிறது. புறநானூற்றின் 112ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். அப்பாவையும் பறம்பு மலையையும் இழந்த பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி. அன்றைய நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் குன்றும் போயிற்று, அப்பாவும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். துக்கம் என்றோ அழுகை என்றோ ஒரு சொல் அதில் கிடையாது. இரண்டு பெண் பிள்ளைகள், தாங்க முடியாத ஒன்றைச் சொல்ல அன்று, இன்று, நிலா என்ற மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். பாட்டை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அந்த அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: போன வருஷம் இரண்டு வரி, இந்த வருஷம் இரண்டு வரி, இரண்டிலும் மாறாமல் இருக்கும் ஒரு பொருள். அது புளோக்குக்குக் கீழே இருக்கும் கல் மேசையாக இருக்கலாம், பேருந்து நிறுத்தமாக இருக்கலாம்.

முதலில் நீங்கள் ஒன்றை எழுதிப் பலகையில் போடுங்கள். உங்கள் பெரிய துயரத்தை அவர்கள் தலையில் இறக்காமல், அவர்கள் அளவுக்குத் தாங்கக்கூடியதாக இருக்கட்டும். தோழி வீடு மாறிப் போனதைப் பற்றி இப்படி எழுதலாம்:

போன வருஷம் எதிர் புளோக்கு நாலாம் மாடி ஜன்னலில்
கூப்பிட்டால் ஒரு கை ஆடும்.
இந்த வருஷம் அதே ஜன்னலில்
யார் வீட்டுத் துணியோ காய்கிறது.

இதைப் பார்த்ததும் 'இவ்வளவுதானா, நானும் எழுதுவேன்' என்று பிள்ளைகளுக்குத் தோன்றும். அதுதான் வேண்டும். உணர்வைச் சொல்ல வார்த்தை தேடித் தடுமாறும் பிள்ளையிடம், 'அப்போ உடம்புக்கு என்ன ஆச்சு?' என்று கேளுங்கள். வயிறு பிசைந்தது, தொண்டை அடைத்தது, நெஞ்சு படபடத்தது, கை சில்லிட்டது. பாட்டி வாயில் கேட்ட தமிழ் இவர்களுக்கு நிறையவே உள்ளே இருக்கிறது, பரீட்சைத் தாளில் அதற்கு இடம் வராததால் வெளியே வருவதில்லை. பாதி ஆங்கிலத்தில் எழுதினாலும் விடுங்கள். தாத்தா பேசியது தமிழிலும் அம்மாவோடு சண்டை போட்டது ஆங்கிலத்திலும் வரும், ஏனென்றால் நடந்ததே அப்படித்தான். அந்த ஒரு மணி நேரத்துக்கு லகர, ளகரமும் ஒற்றும் காத்திருக்கட்டும். சிவப்புப் பேனாவை மேசைமேல்கூட வைக்காதீர்கள். தாளில் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்றால் பென்சிலில், அந்தப் பிள்ளையின் வரி ஒன்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள்: 'அந்தப் பேருந்து நிறுத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.' பாராட்டு தேவையில்லை, ஆறுதலும் தேவையில்லை. 'கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சரியாகும் என்று நமக்குத் தெரியாது, அது பிள்ளைக்கும் தெரியும்.

ஆரம்பிப்பதற்கு முன் வகுப்பில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "நீங்க எழுதறது உங்களோடது. பையில வச்சுக்கலாம், மடிச்சு என்கிட்ட மட்டும் தரலாம், விருப்பம்னா வாசிக்கலாம். வெறும் தாளாவும் தரலாம். ஆனா யாராவது உங்களைக் காயப்படுத்துறாங்கன்னோ, நீங்களே உங்களைக் காயப்படுத்திக்க நினைக்கிறீங்கன்னோ தெரிஞ்சா, உதவி செய்யக்கூடிய பெரியவங்க ஒருத்தர்கிட்ட நான் சொல்லியே ஆகணும்." யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எந்தப் பிள்ளைக்கும் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். அதைக் காப்பாற்ற முடியாத நாள் வந்தால், அந்தப் பிள்ளை அடுத்து எந்தப் பெரியவரையும் நம்பாது. செத்துப்போகணும், காணாமல் போகணும் என்ற பொருளில் ஒரு வரி வந்தால், கவிதைதானே என்று ஒதுக்க வேண்டாம். அந்தப் பாடவேளை முடிந்ததும் அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல் ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். பள்ளி நேரம் கடந்துவிட்டால் அபயம் தேடுவோருக்கான சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767 எண் 24 மணி நேரமும் உண்டு. பிள்ளைகள் தாங்களே கூப்பிட, சிங்கப்பூர் சிறுவர் சங்கம் நடத்தும் டிங்கிள் ஃபிரெண்ட் இருக்கிறது, எண் 1800-2744-788. தொடக்கப்பள்ளி வயதினருக்கென்றே உள்ளது. அதை வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாகப் பலகையில் எழுதிப் போடுங்கள், ஒருவனை மட்டும் கூப்பிட்டுக் கொடுத்தால் மற்றவர்கள் கவனிப்பார்கள்.

இனி, தகவல் பலகையும் போட்டியும். இதில் நான் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த வகுப்பில் வந்த எதுவும் சுவருக்குப் போகக் கூடாது. நம் தமிழ் வகுப்புகள் சிறியவை, பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக வந்து உட்காருகிறார்கள். அவர்கள் குடும்பங்கள் ஒரே கோயிலிலும் ஒரே கல்யாண வீட்டிலும் சந்தித்துக்கொள்கின்றன. பெயரை எடுத்துவிட்டு ஒட்டினாலும், அது யார் வீட்டுக் கதை என்று சாயங்காலத்துக்குள் லிட்டில் இந்தியாவின் தேக்கா வரைக்கும் தெரிந்துவிடும். 'மாணவனிடம் அனுமதி கேட்டுத்தான் ஒட்டினோம்' என்பதும் செல்லாது. ஆசிரியர் கேட்டு, வேண்டாம் என்று சொல்லக்கூடிய பத்து வயதுப் பிள்ளை அபூர்வம். அதுவுமில்லாமல், எழுதியது பரிசுக்குப் போகும் என்று தெரிந்தால் அடுத்த முறை பரிசு வாங்கும் சோகமாகப் பார்த்து எழுதுவார்கள்.

துறைத்தலைவர் கேட்பதும் நியாயமான ஒன்றுதான், அதற்கு வேறு ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். 'எங்கள் பேட்டையில் காலை ஆறரை மணிக்குக் கேட்கும் சத்தம்' போன்ற தலைப்பில், சுவரில் ஒட்டத்தான் எழுதுகிறோம் என்று முதலிலேயே சொல்லி எழுத வையுங்கள். அங்கே பிழை திருத்தலாம், மெருகேற்றலாம், ஏப்ரலில் தமிழ்மொழி விழாப் போட்டிக்கும் அனுப்பலாம். மற்றவற்றுக்கு ஆளுக்கொரு பழுப்பு உறை வாங்கி, பெயர் எழுதி, உங்கள் பூட்டுப்போட்ட அலமாரியில் வைத்திருங்கள். பள்ளி ஆண்டு முடியும்போது அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று ஒன்றிரண்டு பிள்ளைகள் சொல்வார்கள். அவர்கள் உறைகளை ஆலோசகரின் அறையில் வைத்துக்கொள்ள முடியுமா என்று இப்போதே அவரிடம் கேட்டு வையுங்கள்.